சி.பி.சி. ரிப்போர்ட்டில் வரும் 'என்.எல்.ஆர்.' எண்: புராஸ்டேட் புற்றுநோயை முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமா?

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு புராஸ்டேட் புற்றுநோய் இருப்பது 2025 மே மாதம் வெளியே தெரிந்தது. அப்போதே அது எலும்பு வரை பரவியிருந்தது. அவருக்குக் கடைசியாக பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்யப்பட்டது 2014ஆம் ஆண்டில் என்று அவரது தரப்பு தெரிவித்தது. உச்சபட்ச மருத்துவ வசதி இருக்கும் ஒருவருக்கே இப்படின்னா, சாதாரண மனிதர்களின் நிலைமை என்ன என்ற கேள்வி அன்று பலருக்கும் எழுந்தது.

உலகம் முழுவதும் 2020இல் சுமார் 14 லட்சம் ஆண்களுக்கு இந்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 2040இல் இது ஆண்டுக்கு 29 லட்சமாக உயரும் என்று 2024இல் வெளியான லான்செட் ஆணையத்தின் அறிக்கை கணித்துள்ளது. ஆயுள் கூடக்கூட, வயதான ஆண்களின் எண்ணிக்கை கூடுவதுதான் முக்கியக் காரணம்.

அதனால், மலிவாகவும் எளிதாகவும் முன்கூட்டியே எச்சரிக்கும் ஒரு சோதனை கிடைக்காதா என்று ஆய்வாளர்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படித் தேடியதில் கண்ணில் பட்டதுதான், காய்ச்சலுக்குக்கூட எடுக்கும் சாதாரண ரத்த அணுக்கள் பரிசோதனையான சி.பி.சி. அதிலிருக்கும் எண்களை ஒன்றால் ஒன்றை வகுத்தால் புராஸ்டேட் புற்றுநோயைக் கணிக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. இது எந்த அளவுக்கு உண்மை?

என்.எல்.ஆர்., பி.எல்.ஆர். என்றால் என்ன?

ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் பல வகை உண்டு. உடலில் எங்காவது கிருமி நுழைந்தாலோ, காயம் பட்டாலோ முதலில் ஓடிப்போய் நிற்பவை நியூட்ரோஃபில்கள். எதிரியை அடையாளம் கண்டு, குறிவைத்துத் தாக்குபவை லிம்போசைட்டுகள். ரத்தம் உறைய உதவுபவை பிளேட்லெட்டுகள்.

நியூட்ரோஃபிலை லிம்போசைட்டால் வகுத்தால் கிடைப்பது என்.எல்.ஆர். பிளேட்லெட்டை லிம்போசைட்டால் வகுத்தால் கிடைப்பது பி.எல்.ஆர். பிளேட்லெட்டையும் என்.எல்.ஆரையும் பெருக்கினால் கிடைப்பது எஸ்.ஐ.ஐ. என்ற மூன்றாவது குறியீடு.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒருவரின் மொத்த வெள்ளை அணுக்கள் 8,000. அதில் நியூட்ரோஃபில் 60 சதவீதம், லிம்போசைட் 30 சதவீதம் என்றால், என்.எல்.ஆர். 2. லிம்போசைட் எண்ணிக்கை 2,400, பிளேட்லெட் 2.4 லட்சம் என்றால், பி.எல்.ஆர். 100. அவ்வளவுதான் கணக்கு. இதற்கென்று தனியாக ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, கூடுதல் செலவும் இல்லை.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு என்.எல்.ஆர். பொதுவாக 1 முதல் 3 வரை இருக்கும். கொரோனா காலத்தில் இந்தச் சொல் பலருக்கும் அறிமுகமாகியிருக்கும். தொற்று தீவிரமாகிறதா என்று பார்க்க மருத்துவர்கள் அப்போது இந்த எண்ணைக் கவனித்தார்கள். இப்போது சில ஆய்வகங்களின் சி.பி.சி. ரிப்போர்ட்டிலேயே இது அச்சாகி வருகிறது.

ரத்த அணுக்களுக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?

புற்றுநோய்க் கட்டிகளுக்குள் வெள்ளை அணுக்கள் குவிந்திருப்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1863லேயே கவனித்தார். நாள்பட்ட அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்றும் சொன்னார்.

பிற்கால ஆராய்ச்சிகள் அதற்கு விளக்கம் தந்தன. வளர்ந்து பரவும் கட்டி சில வேதிப்பொருட்களை வெளியிட்டு, எலும்பு மஜ்ஜையை அதிக நியூட்ரோஃபில்களை உருவாக்கத் தூண்டுகிறது. சில நியூட்ரோஃபில்கள் கட்டிக்குப் புதிய ரத்த நாளங்கள் உருவாக உதவுகின்றன. பிளேட்லெட்டுகள் புற்றுநோய் செல்களைப் போர்வை போலச் சுற்றி, எதிர்ப்பு அணுக்களிடமிருந்து மறைக்கின்றன. மறுபக்கம், புற்றுநோயை எதிர்க்க வேண்டிய லிம்போசைட்டுகள் குறைகின்றன. மேலே இருக்கும் எண் ஏறி, கீழே இருக்கும் எண் இறங்கினால் விகிதம் உயரத்தானே செய்யும்?

பி.எஸ்.ஏ. இருக்கும்போது இது எதற்கு?

புராஸ்டேட் சுரப்பி உருவாக்கும் ஒரு புரதம் பி.எஸ்.ஏ. ரத்தத்தில் இதன் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமைத் தாண்டினால் கூடுதல் பரிசோதனை தேவைப்படலாம் என்பது நீண்டகால நடைமுறை.

பிரச்சினை என்னவென்றால், பி.எஸ்.ஏ. புற்றுநோயால் மட்டும் உயர்வதில்லை. வயதானால் வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்த் தொற்று, புராஸ்டேட் அழற்சி எல்லாமே அதை உயர்த்தும். 4 முதல் 10 வரை அளவு உள்ளவர்களுக்கு பயாப்ஸி எனும் திசுப் பரிசோதனை செய்தால், சுமார் 4 பேரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். மற்ற 3 பேருக்கும் ஊசி வலி, ரத்தக் கசிவு, தொற்று அபாயம், பல வாரப் பதற்றம் மட்டும்தான் மிச்சம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கண்டுபிடிக்கப்படும் எல்லாப் புராஸ்டேட் புற்றுநோயும் உயிரைப் பறிப்பதில்லை. பிரிட்டனின் புரொடெக்ட் ஆய்வில், புராஸ்டேட்டை விட்டுப் பரவாத புற்றுநோய் இருந்தவர்களை 15 ஆண்டுகள் கவனித்தார்கள். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என எந்த வழியில் போனவர்களிலும் சுமார் 97 சதவீதம் பேர் அந்தப் புற்றுநோயால் இறக்கவில்லை. ஆனால் சிகிச்சையின் பக்கவிளைவுகளான சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் பலரைப் பாதித்தன.

இதனால்தான் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு சேவைகளுக்கான நிபுணர் குழு 2012இல் பி.எஸ்.ஏ. பரிசோதனையே வேண்டாம் என்றது. 2018இல், 55 முதல் 69 வயது வரை மருத்துவரோடு பேசி அவரவர் முடிவெடுக்கலாம் என்று மாற்றிக்கொண்டது. இப்படி இழுபறியில் இருக்கும் சோதனைக்கு, மலிவான இன்னொரு எண் கைகொடுக்குமா என்பதே ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

ஆய்வுகள் சொல்வது என்ன?

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பல செய்திகளில் நடக்கிறது.

முதல் கேள்வி: புற்றுநோய் ஏற்கெனவே உறுதியானவருக்கு, நோய் எப்படிப் போகும் என்று இந்த எண் சொல்லுமா? இதற்கான பதில், ஓரளவு ஆம். பல வகைப் புற்றுநோய்களில் நடந்த 100 ஆய்வுகளை, அதாவது 40,559 நோயாளிகளின் தரவுகளை, 2014இல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. என்.எல்.ஆர். அதிகமாக இருந்தவர்களின் உயிர்வாழும் காலம் குறைவாக இருந்தது. ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாமல் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு டோசிடாக்ஸெல் கீமோதெரபி எடுத்தவர்களிடமும் இதே போக்கு தெரிந்தது.

இரண்டாவது கேள்வி: புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதவருக்கு, இருக்கிறது என்று இந்த எண் கணிக்குமா? இங்கேதான் சறுக்கல். உதவுகிறது என்று சில ஆய்வுகளும், பெரிய வித்தியாசம் இல்லை என்று வேறு சில ஆய்வுகளும் சொல்கின்றன. பெரும்பாலானவை ஒரே மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவை. எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்பதிலும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு.

100 பேரை வைத்து ஒரு கணக்கு

சுமாரான ஒரு சோதனை நடைமுறையில் என்ன செய்யும் என்று புரிந்துகொள்ள, கற்பனையாக ஒரு கணக்கு போடலாம்.

பி.எஸ்.ஏ. 4 முதல் 10 வரை உள்ள 100 ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களில் 25 பேருக்குப் புற்றுநோய், 75 பேருக்கு இல்லை. நம் கையில் இருக்கும் சோதனை, நோய் உள்ளவர்களில் 60 சதவீதம் பேரையும், இல்லாதவர்களில் 60 சதவீதம் பேரையும் சரியாகச் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம்.

நோய் உள்ள 25 பேரில் 15 பேரை அது பிடிக்கும். 10 பேரை விட்டுவிடும். நோய் இல்லாத 75 பேரில் 30 பேருக்கு வீணாக அபாய மணி அடிக்கும். அதாவது மணி அடித்த 45 பேரில் 15 பேருக்குத்தான் நோய், மூன்றில் ஒருவர். மணி அடிக்காத 55 பேரிலும் 10 பேருக்கு நோய் இருக்கிறது.

சோதனைக்கு முன்பு நான்கில் ஒருவர், சோதனைக்குப் பின்பு மூன்றில் ஒருவர். இவ்வளவுதான் முன்னேற்றம். 'உங்களுக்கு நார்மல்' என்று கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போன அந்த 10 பேர்தான் இதில் பெரிய ஆபத்து.

ஏன் இந்தத் தடுமாற்றம்?

காரணம் எளிமையானது. என்.எல்.ஆர். முழு உடலின் அழற்சியைச் சொல்கிறது. அந்த அழற்சி எந்த உறுப்பிலிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது.

சளி, பல் சீழ், சிறுநீர்த் தொற்று, புகைப்பழக்கம், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், உடல் பருமன் எல்லாமே இந்த எண்ணை உயர்த்தக்கூடும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தால், நியூட்ரோஃபில் கூடி லிம்போசைட் குறையும். டெங்கு வந்தால் பிளேட்லெட் சரியும், பி.எல்.ஆர். கணக்கே மாறிவிடும்.

ஆரம்பநிலைப் புராஸ்டேட் புற்றுநோயோ பெரும்பாலும் சின்னக் கட்டி, மெதுவாக வளர்வது. மொத்த ரத்தத்தையும் கலக்கும் அளவுக்கு அது சத்தம் போடுவதில்லை. நோய் பரவிய பிறகுதான் எண்ணில் தெளிவான மாற்றம் தெரிகிறது. ஆனால் நமக்கு எச்சரிக்கை தேவைப்படுவது அதற்கு முன்பு.

எல்லா ஆண்களுக்கும் ஒரே அளவுகோல் பொருந்துமா?

மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு 'டஃபி' என்ற மரபணு வேறுபாட்டால் ரத்தத்தில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை இயல்பாகவே குறைவு. அது நோய் அல்ல. ஆனால் அவர்களின் என்.எல்.ஆர். இதனால் குறைவாகவே காட்டும்.

அதே கறுப்பின ஆண்களுக்குத்தான் புராஸ்டேட் புற்றுநோய் ஆபத்து அதிகம். வேறொரு மக்கள்தொகையில் வகுத்த எல்லைக்கோட்டை அவர்களுக்குப் பொருத்தினால், அதிக ஆபத்தில் இருப்பவர்களுக்கே 'பயமில்லை' என்று ரிப்போர்ட் போகும். ஒரு நாட்டில் கண்டுபிடித்த எண்ணை இன்னொரு நாட்டு மக்களிடம் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அப்போ பயன்படும் விகிதமே இல்லையா?

இருக்கிறது. ஆனால் அவை புராஸ்டேட்டையே அளப்பவை. பி.எஸ்.ஏ. அளவை புராஸ்டேட்டின் கன அளவால் வகுத்தால் பி.எஸ்.ஏ. அடர்த்தி கிடைக்கும். இருவருக்கும் பி.எஸ்.ஏ. 6 என்று வைப்போம். ஒருவரின் புராஸ்டேட் 60 மில்லி, மற்றவருக்கு 30 மில்லி. முதலாமவருக்கு அடர்த்தி 0.10, இரண்டாமவருக்கு 0.20. பொதுவாக 0.15ஐத் தாண்டினால் மருத்துவர்கள் கூடுதல் கவனம் செலுத்துவார்கள்.

ரத்தத்தில் எதனோடும் ஒட்டாமல் இருக்கும் 'ஃப்ரீ பி.எஸ்.ஏ.' மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதும் உதவும். 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் புற்றுநோய் வாய்ப்பு குறைவு, 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அதிகம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். பயாப்ஸிக்கு முன்பே ஸ்கேன் எடுத்தால் சுமார் நான்கில் ஒருவருக்கு பயாப்ஸியைத் தவிர்க்கலாம் என்று 2017இல் வெளியான பிரிட்டனின் ப்ரோமிஸ் ஆய்வு காட்டியது. ஆனால் அதற்குச் செலவு அதிகம், எல்லா ஊரிலும் வசதியும் இல்லை. மலிவான ரத்த விகிதங்கள் மீது ஆய்வாளர்களுக்கு இன்னும் ஆர்வம் குறையாததற்கு இதுவும் ஒரு காரணம். தனியாக நிற்காவிட்டாலும், பி.எஸ்.ஏ., வயது, ஸ்கேன் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது இவை கொஞ்சமாவது உதவுமா என்பதே இப்போது ஆராயப்படும் கேள்வி.

ரிப்போர்ட்டில் என்.எல்.ஆர். அதிகமாக இருந்தால் என்ன செய்வது?

- உடனே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். சமீபத்தில் காய்ச்சல், தொற்று இருந்ததா, ஸ்டீராய்டு எடுத்தீர்களா என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். சில வாரம் கழித்து மீண்டும் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

- பி.எஸ்.ஏ. அதிகமாக இருந்து, என்.எல்.ஆர். நார்மலாக இருந்தால், அதைக் காரணம் காட்டி ஸ்கேனையோ பயாப்ஸியையோ தள்ளிப்போட வேண்டாம்.

- புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு அல்லது டூடாஸ்டரைடு மாத்திரை எடுப்பவர்களுக்கு பி.எஸ்.ஏ. சுமார் பாதியாகக் குறைந்து காட்டும். அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

- அப்பா, அண்ணன், தம்பி என நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. அவர்கள் 50 வயதுக்கு முன்பே யூராலஜி மருத்துவரிடம் பேசுவது நல்லது.

- சிறுநீரில் ரத்தம், சிறுநீர் போக முடியாமல் சிரமம், காரணம் தெரியாத இடுப்பு, முதுகு எலும்பு வலி இருந்தால் எந்த எண்ணுக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

இந்தியாவில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான் அரசின் பொதுவான பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. புராஸ்டேட்டுக்கு அப்படி ஒன்று இல்லை. அதனால் எப்போது, எந்தப் பரிசோதனை என்ற முடிவு அந்தந்த ஆணிடமும் அவரது மருத்துவரிடமும்தான் இருக்கிறது. அந்த முடிவை எடுக்கும்போது, சி.பி.சி. ரிப்போர்ட்டின் ஓரத்தில் இருக்கும் என்.எல்.ஆர். எண்ணை ஒரு துணைத் தகவலாக மட்டும் பார்க்கலாம். அதை வைத்து நோய் இருக்கிறது என்றோ, இல்லை என்றோ முடிவு கட்டுவதற்கு இன்றைய ஆதாரங்கள் போதாது.