செல்போன் இல்லாதவனுக்கு நாட்டில் பங்கு இல்லையா?



நாடு டிஜிட்டல் ஆகிவிட்டது என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். டீக்கடையில்கூட செல்போனைக் காட்டிக் காசு கொடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் யாரால் முடிகிறது, யாரால் முடியவில்லை என்று எவரும் கேட்பதில்லை.

1980-களில் ரயில் முன்பதிவுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, வேலை போய்விடுமோ என்று பயந்ததாக எங்கள் மூத்த தோழர்கள் சொல்வார்கள். ஆனாலும் அந்தக் கம்ப்யூட்டர் கவுண்டருக்கு உள்ளே இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத சித்தாள்கூட வரிசையில் நின்று ஊரையும் தேதியையும் சொன்னால் போதும். குமாஸ்தா தட்டிக் கொடுப்பார். யந்திரம் பொதுச் சொத்தாக இருந்தது. இன்று அது வசதி உள்ளவன் சட்டைப்பைக்குள் போய்விட்டது. பொங்கல் முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கிறது. கவுண்டரில் மூன்றாவது ஆள் பாரத்தை நீட்டுவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட்! நம் ஆட்கள் ஏஜென்டிடம் கூடுதல் பணம் அழுகிறார்கள்.

டிக்கெட்டோடு நின்றால் பரவாயில்லை. அமைப்புசாராத் தொழிலாளருக்காக 2021-ல் ஈ-ஷ்ரம் பதிவு வந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் தானே பதிய ஆதாரோடு இணைந்த நம்பர் வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் வேலைக்கு அலைகிறவன் எத்தனை சிம் மாற்றுகிறான்! ஓ.டி.பி. செத்துப்போன பழைய நம்பருக்குப் போகிறது. சேவை மையத்துக்குப் போனால் விரல் ரேகை கேட்கிறார்கள். சிமெண்டு தின்ற விரலில் ரேகை ஏது? அன்றைய கூலி போயிற்று. இப்படிப் போகும் நாட்கள் எந்தப் பொருளாதாரக் கணக்கில் ஏறுகின்றன?

இதை ஏழைகள்மேல் இரக்கப்படும் விஷயமாக நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இன்டர்நெட்டை ஒரு தடவையாவது பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57, பெண்கள் 33. வேலை விவரம், கடன், வியாபாரம் எல்லாம் போனுக்குள் போய்விட்ட காலத்தில், பெண்களில் மூன்றில் இரண்டு பங்கை வெளியே நிறுத்திவிட்டு எந்த நாடு முன்னேறும்?

பிள்ளைகள் கதை இன்னும் கொடுமை. 2017-18 தேசிய மாதிரி ஆய்வில் இன்டர்நெட் வசதி இருந்த குடும்பங்கள் நூற்றுக்கு 24-தான். அடுத்து 2020-ல் கொரோனா வந்ததும் பாடத்தைப் போனுக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு ஒரு போன். அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போனால் பிள்ளை எதில் படிக்கும்? அன்று எட்டாம் வகுப்போடு நின்றவன் இன்று சாரத்தில் கல் சுமக்கிறான். அவன் பிட்டராகவோ எலெக்ட்ரீஷியனாகவோ ஆகியிருந்தால் அந்த லாபம் அவன் வீட்டுக்கு மட்டுமா?

போன் பிறகு பெருகியிருக்கிறது, மறுக்கவில்லை. அதற்காகக் கவுண்டர்களை மூடக் கூடாது. சேவை மையங்களில் நம் மொழி பேசும் ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் திறக்க வேண்டும். இதைத்தான் நாம் கேட்கிறோம். அதுவரை ஞாயிறு மாலையில் சங்க அலுவலகத்துக்கு ஆதாரோடு வாருங்கள், பெண்களையும் அழைத்து வாருங்கள். பழைய சிம்மைத் தூக்கி எறியாதீர்கள்.