கூட்டுறவு என்ற பெயரில் ஒரு கடன் அலுவலகம்

கூட்டுறவு வீட்டுவசதி பற்றிப் பேச்செடுத்தால் அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் கல்லூரிக்கு வரும் என் சக ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். ‘நம் ஆட்களுக்கு அதெல்லாம் ஒத்துவராது சார்’ என்பது அவர்களின் தீர்ப்பு. இத்தீர்ப்பை நான் மறுக்கிறேன். செய்தே பார்க்காத ஒன்று தோற்றுவிட்டதாகச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

தமிழகத்தில் ‘கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம்’ என்ற பலகையின் கீழ் பெரும்பாலும் நடந்தது என்ன? மாநில இணையம் எல்.ஐ.சி., ஹட்கோ போன்றவற்றிடம் கடன் பெறும். அதைத் தொடக்கச் சங்கங்களுக்குத் தரும். சங்கம் உறுப்பினருக்குத் தரும். உறுப்பினர் தம் மனையை அடமானம் வைத்து, தாமே கொத்தனார் பிடித்து வீடு கட்டிக்கொள்வார். கடன் தீர்ந்ததும் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இதில் கூட்டு எங்கே, உறவு எங்கே? அடையாற்றுக் காந்தி நகரைப் போல, சங்கமே நிலம் வாங்கித் தெருவும் பூங்காவும் வகுத்து ஓர் ஊரை எழுப்பிய முன்மாதிரி 1940களின் இறுதியிலேயே நம்மிடம் இருந்தது. அதை மறந்து கடன் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டோம்.

மாற்று வழிகளையும் பார்ப்போம். முகப்பேரிலும் கொரட்டூரிலும் வீட்டுவசதி வாரியம் கட்டிக்கொடுத்தது; ஒதுக்கீடு பெற்றவர் தவணை கட்டினார், திட்டமிடலில் அவருக்குக் குரல் இல்லை. இன்று பூந்தமல்லிச் சாலையோரம் எழும் அடுக்ககங்களில் பில்டர் விற்பது நமக்குப் பிரிபடாத பாகம். வாங்கியபின் அமைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்குத் தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட்டுக்கும் சந்தா வசூலிப்பதே முதல் வேலை. மும்பையின் கூட்டுறவுச் சங்கங்களிலோ நிலமும் கட்டடமும் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். உறுப்பினர் பங்குப் பத்திரமும் குடியிருக்கும் உரிமையும் பெறுவார். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். கட்டடம் பழையதானால் இடித்துக் கட்டுவதைப் பேரவை கூடி முடிவெடுக்கும். நம் அடுக்ககங்களில் ஒரே ஒருவர் முரண்டு பிடித்தால் போதும், விரிசல் விட்ட தூண்களோடு மற்றவர்கள் காலம் தள்ள வேண்டியிருந்தது. மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் போதும் என்று 2022ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே அதற்கு வழி பிறந்தது.

மும்பையைப் போற்றிப் பாட நான் வரவில்லை. அங்கும் நிலத்தைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றித்தராமல் இழுத்தடிக்கும் பில்டர்கள் உண்டு. அதைவிடக் கொடியது வேறொன்று. அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்கம் தம் சமூகத்தார்க்கு மட்டுமே உறுப்புரிமை என்று விதி வைத்துக்கொள்ளலாம் என 2005இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. வாடகைக்கு வீடு தேடிப்போனால் சாதியைச் சுற்றிவளைத்து விசாரிக்கும் நம் ஊரில் இவ்விதி என்னவாகும் என்று விளக்கவும் வேண்டுமா? உறுப்புரிமையைத் திறந்துவைக்கும் சட்டம் இல்லாமல் கூட்டுறவைக் கேட்பது மதில் சுவரைக் கேட்பதுதான்.

ஆனால் என் நண்பர்களின் சிரிப்புக்குக் காரணம் இதுவும் அன்று. சங்கம் என்றதும் அவர்கள் நினைவுக்கு வருவது அரசு அலுவலகம். அதில் நியாயம் இருக்கிறது. தனி அலுவலர்களை நியமிப்பதற்கென்றே 1976இல் இங்கே ஒரு சட்டம் வந்தது. 2018இல் தேர்வான நிர்வாகக் குழுக்களின் காலம் 2023இல் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்களே வந்தார்கள். உறுப்பினர் வாக்களிக்காத சங்கத்தில் அவர் வெறும் கடன்காரர். நம் ஆட்களுக்கு ஒத்துவராது என்று சொல்பவர்கள், நம் ஆட்களிடம் அது எப்போது ஒப்படைக்கப்பட்டது என்பதையும் சொல்லட்டும்.