சட்டம் பேசுவோம்: வேஷம் கட்டியவர் ஒருத்தர், காசு இன்னொருத்தருக்கா?

போன மாதம் சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன். விடிய விடியக் கூத்து ஆடி முடித்து, முகத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். நான் வக்கீல் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்காரவைத்து, மகளின் செல்போனை நீட்டினார்.

போன வருஷம் பக்கத்து ஊரில் அவர் கட்டிய துரியோதனன் வேஷம், யாரோ ஒருவரின் யூடியூப் சேனலில் ஓடியது. லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். நடுநடுவே விளம்பரம். அவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

“காசுகூடப் போகட்டும் தம்பி. என் பேரையாவது போட்டிருக்கலாமில்ல? இதைக் கேக்க எனக்குச் சட்டத்துல இடம் இருக்கா?”

இருக்கிறது!

நமது பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. பாட்டு எழுதியவர், இசையமைத்தவர், படம் எடுத்தவர் எல்லோருக்கும் அதில் இடம் இருந்தது. மேடையில் நின்று பாடியவருக்கும் ஆடியவருக்கும் இல்லை. 1994-ல் கொண்டுவந்த திருத்தம்தான் ‘நிகழ்த்துநர் உரிமை’யைத் தந்தது. 2012 திருத்தம் அதை இன்னும் பலப்படுத்தியது.

யாரெல்லாம் நிகழ்த்துநர்? நடிகர், பாடகர், வாத்தியம் வாசிப்பவர், நடனம் ஆடுபவர், கழைக்கூத்தாடி, மந்திர வித்தை காட்டுபவர், சொற்பொழிவாளர்... பாம்பாட்டிகூடச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறார்! எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதில்லை. நேரடியாக நிகழ்த்தினாலே உரிமை வந்துவிடும். நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து 50 ஆண்டுகள் அது நீடிக்கும்.

அந்த நிகழ்ச்சியை ஒலியாகவோ ஒளியாகவோ பதிவு செய்ய, பிரதி எடுத்து விற்க, இணையத்தில் பொதுமக்களுக்குக் காட்ட, கலைஞரின் சம்மதம் வேண்டும்.

“காசு கொடுத்துத்தானே ஆட வெச்சோம்?” என்று சிலர் கேட்பார்கள். கொடுத்த காசு அன்றைய ராத்திரி ஆட்டத்துக்கு. அதைப் படம்பிடித்துச் சம்பாதிக்கும் சம்மதம் தனி.

சினிமாவில் கொஞ்சம் வேறு மாதிரி. நடிக்க எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால், அந்தப் படத்தைத் தயாரிப்பாளர் பயன்படுத்துவதை, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, நடிகர் தடுக்க முடியாது. ஆனாலும் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி கேட்க, 2012 திருத்தம் வழி செய்திருக்கிறது.

பெரியவர் கேட்ட பெயர் விஷயத்துக்கு வருவோம். நிகழ்த்தியவர் இன்னார் என்று குறிப்பிடச் சொல்லும் உரிமையும் சட்டத்தில் உண்டு. மரியாதை கெடும்படி வெட்டி ஒட்டித் திரித்தால் தடுக்கவும், நஷ்டஈடு கேட்கவும் முடியும். நேரம் கருதி நீளத்தைக் குறைப்பது மட்டும் அந்தக் கணக்கில் வராது.

அப்படியானால் செல்போனை எடுத்தாலே குற்றமா? பயப்படாதீர்கள். சட்டமே சிலவற்றை அனுமதிக்கிறது:

• நீங்கள் வீட்டில் போட்டுப் பார்க்க, சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்யலாம்.

• உண்மையான கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் பதிவு செய்யலாம்.

• நடப்புச் செய்திக்கும் விமர்சனத்துக்கும் சில பகுதிகளை நியாயமான அளவில் எடுத்துக் காட்டலாம்.

பேத்தியின் சலங்கை பூஜையைப் படம்பிடித்துப் பத்திரப்படுத்தும் தாத்தாவை யாரும் கேட்க மாட்டார்கள். முழுக் கூத்தையும் சேனலில் ஏற்றி விளம்பரக் காசு பார்ப்பவர், ‘சொந்த உபயோகம்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

கலைஞர்களுக்கு என் யோசனை இதுதான். அட்வான்ஸ் வாங்கும்போதே, வீடியோ எடுக்கலாமா, எங்கே போடலாம், பெயர் எப்படி வர வேண்டும், வருமானத்தில் பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அனுமதி இல்லாமல் வீடியோ வந்தால், லிங்க்கையும் ஸ்கிரீன்ஷாட்டையும் முதலில் சேமியுங்கள். சேனல்காரருக்கு எழுதுங்கள். மசியவில்லையா? அந்தத் தளத்திலேயே புகார் செய்யலாம், கோர்ட்டுக்கும் போகலாம்.

பெரியவருக்குக் கோர்ட் வேண்டாம். அன்று காலையே அவர் மகள் சேனலுக்கு எழுதினாள். நாலு நாளில் மன்னிப்போடு பெயர் வந்துவிட்டது. பணத்தைப் பற்றிப் பேச்சு நடக்கிறது.

நேற்று போன் செய்தார். “அடுத்த திருவிழாவுக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன் தம்பி. கூடவே கையெழுத்தும்!”