ஒட்டுத் தென்னையின் காயை விதைக்கு இடலாமா?

நெட்டைக்கும் குட்டைக்கும் பிறந்த ஒட்டுத் தென்னை நான்கைந்து ஆண்டிற் பாளை விட்டுக் காய்ப்பதைக் காணும் அய்யம்பாளையத்துத் தோப்புக்காரர்க்கு, அம்மரத்துக் காயையே நாற்றங்காலில் இடலாமே, காசு கொடுத்து நாற்று வாங்குவானேன் என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் அது கூடாதென்பதே நமது அபிப்பிராயம்.

காரணம் பூவினுள் இருக்கிறது. தென்னையின் உயிரணுவில் 32 குரோமோசோம்கள், அதாவது 16 ஜோடிகள் உள. ஜோடியில் ஒன்று தாய்வழியது, மற்றது தந்தைவழியது. மகரந்தமும் சூலணுவும் உண்டாகுங்கால் நிகழும் குன்றற் பகுப்பில், முதற்கண் ஜோடிகள் நெருங்கி ஒட்டிநின்று தம்முட் சில துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. பின்னர் அணுவின் நடுவே அணிவகுத்து, ஒன்று ஒரு முனைக்கும் மற்றது எதிர்முனைக்குமாகப் பிரிகின்றன. எது எம்முனை சேரும் என்பதற்கு நியதியில்லை. ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியே சீட்டுக் குலுக்கினாற் போலத்தான். துண்டு மாற்றத்தைக் கணக்கிற் சேர்க்காவிடினும், ஒரே மரத்தில் 65,536 வகை மகரந்தம் உண்டாகலாம். இரண்டாம் பகுப்பில் குரோமோசோம்கள் நீளவாட்டிற் பிளவுபட, ஓரணுவினின்று நான்கு மகரந்தத் துகள்கள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் 16 குரோமோசோம்களே.

நெட்டையின் தொகுதி ஒன்றும் குட்டையின் தொகுதி ஒன்றும் முழுமையாய்ச் சேர்ந்து நிற்பதாலன்றோ ஒட்டு மரத்திற்கு அவ்வீரியம்? 1930-களில், இன்று கேரளத்தைச் சேர்ந்த நீலேசுவரத்தில், அன்றைய சென்னை மாகாண விவசாய இலாகாவின் பண்ணையில் டாக்டர் ஜே. எஸ். பட்டேல் கண்டதும் முதல் தலைமுறையின் சிறப்பையே. அம்மரத்துக் காயில் அச்சேர்க்கை கலைந்துவிடும். சில நெட்டையை ஒக்கும், சில குட்டையை ஒக்கும், பல இரண்டுங்கெட்டானாய் நிற்கும். எது எதுவெனத் தெரிவதற்குள் ஐந்தாறு ஆண்டு நீரும் எருவும் செலவாகியிருக்கும்.

மேலே பழனி மலையில் விளையும் விருப்பாச்சி வாழை இதற்கு நேர்மாறு. அதன் குரோமோசோம்கள் மூன்று தொகுதி, மொத்தம் 33. மூன்றை இரண்டாய்ச் சமமாகப் பங்கிட வழியின்மையாற் பகுப்புக் குலைந்து, விதை பிடிப்பதில்லை. கன்று தாயையே ஒக்கும். முடிக்கொத்து நோயும் கன்றோடு கூடவே வரும் என்பது வேறு சங்கதி.

சொந்தத் தோப்பிலேயே விதைக்காய் எடுக்க விரும்புவோர் நெட்டை மரத்தில் எடுப்பாராக. நெட்டையில் ஒரு பாளையின் ஆண் பூக்கள் உதிர்ந்த பின்னரே பெண் பூக்கள் பக்குவமடைவதால், மகரந்தம் பெரும்பாலும் அயல் மரத்தினின்றே வருகிறது. ஆகவே தாய்மரத்தை மட்டும் பார்த்தாற் போதாது. சுற்றிலுமுள்ள மரங்களும் நன்கு காய்ப்பனவாயிருத்தல் வேண்டும். நாற்றங்காலில் முந்தி முளைத்துக் கழுத்துப் பருத்த நாற்றுக்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஏனையவற்றைத் தயங்காது கழித்துவிடுக. கிராம அதிகாரிகளும் தம் ஊருக்கு நாற்று வண்டி வருங்கால், விதைக்காய் எம்மரத்தது, மகரந்தம் எம்மரத்தினின்று எடுத்து இடப்பட்டது என்று விசாரித்துக் குடிகளுக்கு அறிவித்தல் நலம்.