பூம்புகார் மணலும் மோகனூர் லாரியும்

கோடை விடுமுறை வந்ததும் சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் கடல் காணப் புறப்படும் கூட்டத்தைக் கண்டதுண்டா, தோழரே! வெயிலில் வெந்த சமவெளி மக்கள், கட்டுச்சோறும் கைக்குழந்தையுமாய், பூம்புகாரையும் தரங்கம்பாடியையும் புதுச்சேரியையும் நாடிச் செல்கின்றனர். அலை வந்து காலைத் தொட்டதும் அறுபது வயதுப் பாட்டியும் ஆறு வயதுச் சிறுமியாகிவிடுகிறாள்! இதனை வீண் பொழுதுபோக்கென்று இகழ்வோருடன் நமக்கு உடன்பாடில்லை. செல்வர்க்கு உதகையில் மாளிகை உண்டு. உழைப்பவனுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் உல்லாசம் கடற்கரைதானே!

ஆனால், கால் புதைய நிற்கும் அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்? கடல் ஈன்றதன்று அது. சேர்வராயன் மலையைக் கரைத்துத் திருமணிமுத்தாறு கொணர்ந்தது. பவானியும் நொய்யலும் அமராவதியும் கொணர்ந்தன. பரமத்தி வேலூரையும் மோகனூரையும் தழுவிச் செல்லும் காவிரி, முக்கொம்பிலே பிரிந்து, பூம்புகாரில் ஒரு பங்கும், கொள்ளிடமாய்ப் பழையாற்றருகே பெரும்பங்கும் கடலிடம் ஒப்படைத்தது. கடலோட்டம் அதனைக் கரை நெடுகப் பங்கிட்டது. நம் வீட்டு மண்ணைத்தான் நாம் பேருந்தேறிச் சென்று பார்த்து வருகிறோம்!

இந்திர விழாவை மறந்ததால் புகார் நகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறும். இன்று கரை கரைவது எந்த விழாவை மறந்ததால்? சாபமன்று காரணம், சாமர்த்தியம்! (தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் அரித்தது பழைய கதை, எல்லாப் பழியையும் இந்தக் காலத்தின் தலையில் சுமத்துவதும் முறையன்று.)

1934இல் எழுந்த மேட்டூர் அணையை நாம் குறை கூறோம். சோறிடும் அணை அது. 1955இல் முடிந்த பவானிசாகரும் அத்தகையதே. எனினும், அணை நீரை விடும், மணலை விடாது. ஆகவே கீழ்ப்படுகையில் கிடப்பது பெரிதும் பழங்காலச் சேமிப்பு. வரவு குன்றிய அந்தச் சேமிப்பைத்தான் பொக்லைன் இட்டு வாரினோம். 2003இல் மணல் குவாரிகளை அரசே ஏற்றது. பலகை மாறிற்று, பள்ளம் மாறவில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பிலே, 1830களில் கட்டிய கொள்ளிடம் கதவணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் உடைந்து போயின. ஆற்றின் அடிவயிற்றைத் தோண்டியதன் விளைவு இதுவென உழவர்கள் குமுறினர்.

அள்ளிய மணலுக்கும் அலைக்கும் என்ன தொடர்பு என்பாரும் உளர். அவர்களை ஐரோப்பாவுக்கு அழைப்போம். ஸ்பெயினின் வடகோடியில், பிஸ்கே விரிகுடாவை ஒட்டியது பாஸ்க் நாடு. தன் மொழியைக் காக்கப் போராடிய சிற்றினம் வாழும் சீமை அது. அங்கே உர்தைபாய்க் கழிமுகத்தில் முண்டாக்கா என்றொரு மீனவச் சிற்றூர். அதன் அலையில் பலகையேறிச் சறுக்க உலகெங்குமிருந்து இளைஞர் வருவர். 2003இல், ஒரு கப்பல் பட்டறைக்காகக் கழிமுகத்து மணலைத் தூர்வாரினர். மணல்திட்டு உருக்குலைந்தது, புகழ்பெற்ற அலையே காணாமற்போயிற்று! 2005இல் அங்கு நடக்கவிருந்த பன்னாட்டுப் போட்டி கைவிடப்பட்டது. மணல் மெல்லத் திரும்பிய பின்னரே அலையும் திரும்பிற்று.

அவ்வளவு தொலைவு ஏன், புதுச்சேரிக்குப் போய்ப் பாருங்கள்! 1989இல் முடிந்த துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர், வடக்கே நகரும் மணலை மறித்தது. நகரத்துக் கடற்கரை மறைந்து கருங்கல் அடுக்கே மிஞ்சிற்று. 2018இல் கடலடியில் எஃகுத் திட்டு அமைத்து, கொஞ்சம் மணலை மீட்டனர். அள்ளியவன் ஆதாயம் ஒருவனுக்கு. அரித்ததை அடைக்கும் செலவோ ஊருக்கெல்லாம்!

இனி நம் ஊருக்கு வருவோம். மணல் என்றதும் லாரிக்காரனைத் திருடனாக்கிப் பேசுவது பலர்க்கு வழக்கம். நாமக்கல் நாட்டவர் அதனை ஏற்க முடியுமா? கடன் வாங்கி வண்டி கட்டி, இரவெல்லாம் கண்விழித்து ஓட்டுபவன் சாலையில் மறிக்கப்படுகிறான், தண்டம் கட்டுகிறான். ஆற்றுக்குள் இயந்திரத்தை இறக்கிய பெருமுதலாளியின் பெயர் அந்த ரசீதில் இருப்பதில்லை.

வீடு கட்ட மணல் வேண்டாமா என்று கேட்பர். வேண்டும். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வந்துவிட்டது; ஆற்றை விட்டு நம் குன்றுகளை விழுங்கவும் தொடங்கிவிட்டது. அதற்கும் அளவு வேண்டும்.

கடற்கரைக்கு 1991 முதல் ஒழுங்குமுறை அறிவிக்கை உண்டு. ஆற்று மணலுக்கோ மாவட்டம் மாவட்டமாய்த் தனிக் கணக்கு. நாமக்கல் கணக்கில் மயிலாடுதுறை மீனவன் இல்லை! மேட்டூர் முதல் பழையாறு வரை மணலுக்கு ஒரே கணக்கு எடுக்கப்படவேண்டும். குவாரிக்கு ஒப்பமிடுமுன் கடலோரச் சிற்றூர்களின் கருத்தும் கேட்கப்படவேண்டும். இதனைச் சட்டமன்றத்தில் எழுப்புமாறு உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள், தோழரே! அவர் எக்கட்சியினராயினும் சரி.