'இ'யைக் காணவில்லை!

கமிட்டி என்றால் நம் ஊரில் டீ நிச்சயம், மிக்சர் அநேகமாக, முடிவு எப்போதாவது. அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்குக் கமிட்டி போட்டால், கரகம் எந்தத் தெருவில் முதலில் நுழைவது என்று பேசிப் பேசியே ஆடி போய் ஆவணி வந்துவிடும். 'தமிழ் எழுத்து கம்ப்யூட்டருக்குள் எந்த இடத்தில் உட்கார வேண்டும்' என்று தீர்மானிக்க ஒரு காலத்தில் பெரிய பெரிய ஆட்கள் கமிட்டி போட்டு, கூட்டம் போட்டு, குரல் கம்ம வாதாடினார்கள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரிக்காதீர்கள். அந்தச் சண்டையின் ஒரு துண்டு, ஆரணியில் எங்கள் பெரியப்பா வீட்டுப் பரண்வரைக்கும் வந்து விழுந்திருக்கிறது.

பெரியப்பா பட்டுத் தறிக்காரர். பரண் முழுக்க ஜக்கார்டு அட்டைக் கட்டுகள். பட்டுப்புடவை வாங்குகிற எல்லோருக்கும் இது தெரியாது, அதனால் ஒரு நிமிஷம். தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். அதில் வரிசையாகக் கொக்கிகள். அட்டையில் ஓட்டை இருந்தால் அந்தக் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. ஊடை ஒரு தரம் ஓடுவதற்கு ஓர் அட்டை. இப்படி நூற்றுக்கணக்கான அட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டால் மயில், அன்னம், யாளி எல்லாம் கரையில் தானாக வந்து உட்காரும். பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில், 1804-வாக்கில், ஜக்கார்டு என்பவர் செய்து காட்டிய வித்தை. கம்ப்யூட்டருக்கே இதுதான் கொள்ளுத்தாத்தா என்பார்கள். கவனியுங்கள், அட்டைக்குப் புடவை சிவப்பா பச்சையா என்று தெரியாது. ஜரிகை அசலா போலியா என்றும் தெரியாது. 'இந்தக் கொக்கியைத் தூக்கு' என்பதோடு அதன் வேலை முடிந்தது. மற்றது தறியின் பாடு.

இந்தக் கட்டுகளுக்கு 2001-ல் பெரியப்பா ஒரு பட்டியல் தயார் பண்ணினார். கட்டு நம்பர், எத்தனை அட்டை, எத்தனை கொக்கி, டிசைன் பெயர். உள்ளூர் டிடிபி சென்டர் ஒன்றில் அடித்து வாங்கி ஃப்ளாப்பியில் வைத்துக்கொண்டார். கட்டின் மேல் நம்பர் மட்டும்தான் எழுதியிருக்கும், பெயர் பட்டியலில்தான். பிரிண்ட் எடுத்த தாளைக் கரையான் தின்றது. ஃப்ளாப்பி பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. நல்லவேளை, அதற்குள் தம்பி (பெரியப்பா மகன்) அதை யாரிடமோ கொடுத்து வேர்டில் ஒட்டி, மெயிலில் அனுப்பி, பென்டிரைவில் போட்டு வைத்திருந்தான்.

போன மாதம் வேலூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் அவருடைய அம்மாவின் கல்யாண போட்டோ. 'இந்தப் புடவை உங்க தறியில நெய்ததுங்க. பொண்ணுக்கு இதே கரை வேணும்.' கரையில் மயில் என்பது தெரிகிறது. அதற்கு மேல் போட்டோவுக்குச் சொல்ல சக்தி இல்லை.

பெரியப்பாவுக்குக் கண் சரியில்லை. 'லிஸ்ட்டைப் பாருடா' என்றார். தம்பி ஃபைலைத் திறந்தான்.

நம்பரெல்லாம் கணீரென்று இருக்கிறது. கட்டு 41, கட்டு 42, அட்டை இத்தனை, கொக்கி 240. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், தலையில் கொம்பும் காலடியில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் அணிவகுத்து நிற்கின்றன. நான் பி.காம். படித்தவன். தொகை எல்லாம் இருந்து கணக்குத் தலைப்பு எல்லாம் அழிந்துபோன பேரேட்டைப் பார்த்தால் எங்கள் ஜாதிக்கு அடிவயிறு கலங்கும். யாருக்கோ எதற்கோ ஐயாயிரம் கொடுத்திருக்கிறோம் என்பதற்குப் பெயர் கணக்கா சார்?

எப்படி இந்தக் கதி வந்தது? அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் எழுத்துக்கு மொத்தம் 256 கட்டம். பெரிய அஞ்சறைப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 128-ல் இங்கிலீஷ்காரர்கள் ஏற்கெனவே துண்டு போட்டுவிட்டார்கள். மிச்சத்தில் தமிழை அடைக்க வேண்டும். நமக்கோ 247 எழுத்து. 'கா'வை க, துணைக்கால் என்று இரண்டாக வெட்டி வைக்கலாம். 'கு', 'கூ' மாதிரிகளை வெட்ட முடியாது, ஒவ்வொன்றும் தனி உருவம், அதற்கே 36 கட்டம் போச்சு. எப்படியோ அடைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு ஃபான்ட் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அடைத்தது. 'பாமினி' ஃபான்ட்டில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே கம்ப்யூட்டர் வைத்திருப்பது எம், கே, செமிகோலன், கே, ஹெச். அந்த ஃபான்ட் இருந்தால் அம்மா. இல்லாவிட்டால் யாரோ தும்மினது மாதிரி இருக்கும்.

இதைச் சரிக்கட்டத்தான் கமிட்டி. சிங்கப்பூர் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் 1997-ல் அங்கே முதல் தமிழிணைய மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99'. கீபோர்டு விஷயத்தில் உருப்படியான காரியம் நடந்தது. உயிரெழுத்து எல்லாம் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு, 'க'வை இரண்டு தரம் தட்டினால் முதல் 'க'வுக்குப் புள்ளி தானே விழும். அதுதான் இன்றைக்கும் இருக்கிற தமிழ்99. கமிட்டிக்கு முழு மார்க்.

எழுத்துக் கட்டத்துக்கு வந்ததும் கல்யாண வீட்டுப் பந்தி ஆகிவிட்டது. தமிழும் இங்கிலீஷும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று ஒரு கோஷ்டி. அச்சுத் தொழில்காரர்களுக்கு எழுத்து லட்சணமாக வர வேண்டும், அதற்குக் கட்டம் போதாது, இங்கிலீஷுக்கு இடம் வேண்டாம் என்று இன்னொரு கோஷ்டி. முடிவு? மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு பாயசம், பெண் வீட்டுக்கு ஒரு பாயசம். இருமொழிக்கு 'டாப்', தமிழுக்கு மட்டும் 'டாம்' என்று இரண்டு தரம், இரண்டையும் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இதற்கிடையில் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம், மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் முதலானவர்கள் மெயிலிலேயே விவாதித்து உருவாக்கிய 'திஸ்கி' பந்தலுக்கு வெளியே தனியாக நின்றது. ஒன்றாக்கப் போன இடத்தில் மூன்று.

நம்மவர்களை மட்டும் கேலி பண்ணக்கூடாது. வெள்ளைக்காரர்களும் இதே ரோட்டில்தான் வந்தார்கள். அமெரிக்காவில் டொனால்ட் நூத் என்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் பேராசிரியர், தன் புத்தகத்தைக் கன்னாபின்னாவென்று அச்சுக் கோத்துவிட்டார்கள் என்ற கடுப்பில் 'டெக்' என்று ஓர் அச்சுக்கோப்பு புரோகிராமைத் தானே எழுதினார். அது கடைசியில் துப்புகிற ஃபைலுக்கு டி.வி.ஐ. என்று பெயர், எந்த மெஷினையும் சாராதது என்று அர்த்தம். 1979-ல் டேவிட் ஃபுக்ஸ் வடிவமைத்தது. அசல் ஜக்கார்டு அட்டை! 'இந்த எழுத்தை இங்கே வை, இவ்வளவு தள்ளிப் போ' என்று மட்டும் அதில் இருக்கும். அதைப் படித்துத் தாளில் அடிக்க, ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒரு டிரைவர் புரோகிராம். டிரைவர் எழுதியவர்கள் பல பேர் என்பதால், பக்கத்தை ஆளுக்கு ஓர் இடத்தில் தொடங்கினார்கள்.

போட்டார்கள் கமிட்டி. டெக் உபயோகிப்பவர்கள் சங்கம் வருஷக்கணக்கில் பேசி, 1992-ல் டிரைவர்களுக்கான தர விதிகளை வெளியிட்டது. பெயர் 'லெவல் 0'. (என்ன அடக்கம் பாருங்கள்! நம்மூராக இருந்தால் 'உலகத் தர மாமணி' என்று வைத்திருப்போம்.) தாளின் மேல் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம், இடது விளிம்பிலிருந்து ஓர் அங்குலம், அதுதான் ஆரம்பப் புள்ளி என்பது மாதிரியான அடிப்படைகள்.

அதில் என் மனசைத் தொட்டது ஒன்று உண்டு. எழுத்தின் அகலம் பிரிண்டரின் புள்ளிக்கணக்கில் முழுசாக வராது, அரை, கால் என்று மிச்சம் விழும். ஒவ்வொரு எழுத்திலும் ரவுண்ட் பண்ணிக்கொண்டே போனால், வரி முடிவதற்குள் எழுத்து வேறெங்கோ போய் நிற்கும். அதனால், நிஜமான இடத்தைத் தனியாகக் கணக்கு வைத்துக்கொள், விலகல் 2 புள்ளிக்கு மேல் போகவிடாதே என்று ஓர் ஏற்பாடு. பில்லில் வரிக்கு வரி பைசாவை ரவுண்ட் பண்ணாதே, மொத்தத்தில் உதைக்கும் என்று எங்கள் அக்கவுன்டன்சி வாத்தியார் ஸ்கேலால் தட்டிச் சொல்லிக் கொடுத்தது இதுதான்!

யூனிகோடு வந்த பிறகு இந்தக் கட்டச் சண்டை பெரும்பாலும் அடங்கியது. அதில் தமிழுக்கென்று நிரந்தரமாகத் தனி இடம். உருவத்தை வைக்காமல் எழுத்தை வைக்கிறார்கள், 'கொ' என்றால் ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு இல்லை, க-வும் ஒகரமும்தான். ஆனால் டிடிபி சென்டர்களின் உயிர்நாடியான பேஜ்மேக்கர் கடைசிவரை தமிழ் யூனிகோடை அறியாமலே ஓய்வு பெற்றது. கல்யாணப் பத்திரிகை அடித்தவர்கள் பழைய ஃபான்ட்டை விடவில்லை, அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. 2010-ல் அரசாங்கம் யூனிகோடைத் தரமாக அறிவித்தபோது, அது வேலை செய்யாத இடங்களுக்கு என்று 'டேஸ் 16' என்பதையும் கூடவே சேர்த்தது. மறுபடியும் இரண்டு பாயசம்.

சரி, பரணுக்கு வருவோம். எங்கள் ஃபைல் திஸ்கி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்து, மாற்றினோம். பெயர்கள் பளிச்சென்று வந்தன. தாழம்பூ ரேக்கு வந்தது. ஒற்றை ருத்திராட்சம் வந்தது. அப்புறம் 'ரட்டைப்பேட்டு' என்று ஒன்று. 'லைக்கொடி' என்று ஒன்று. 'ருதலைப்பட்சி' என்று ஒன்று! பாதிப் பெயர்களுக்குத் தலையே இல்லை. கட்டு 41-ல் 'ரு மயில்'.

தம்பி அதை 'ஒரு மயில்' என்று திருத்திவிட்டு, அந்த அம்மாவிடம் போனில் சொல்லியும்விட்டான்: 'ஒத்தை மயில்தாங்க இருக்கு. உங்க புடவையில ஜோடி மாதிரி தெரியுது. வேற இடத்துல பாருங்க.' அவர் 'சரிங்க தம்பி' என்று வைத்துவிட்டாராம். நாற்பது வருஷம் கழித்துத் தேடி வந்த ஆர்டர்.

எனக்குத் தலையில்லாத பெயர்கள் உறுத்திக்கொண்டே இருந்தன. காணாமல் போனது எல்லாம் ஒரே எழுத்து, 'இ'. திஸ்கியில் 'இ'க்கு ஒதுக்கிய கட்டம் 173. அந்தக் கட்டம் ஐரோப்பியக் கணக்கில், வார்த்தையை வரிக் கடைசியில் உடைக்க உதவும், கண்ணுக்குத் தெரியாத சிறு கோடு. சில புரோகிராம்கள் அதை 'வெறும் கோடுதானே' என்று விழுங்கிவிடும். பின்னால் 'இ'க்கு வேறு கட்டத்திலும் இடம் கொடுத்தார்கள். அதற்கு முன்பே எங்கள் பட்டியல் வேர்டு, மெயில் என்று ஊர் சுற்றி, போகிற இடமெல்லாம் 'இ'யைத் தொலைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

'ஒ'வுக்கு அந்த ஆபத்து கிடையாது. சாட்சி, அதே பட்டியலில் 'ஒற்றை ருத்திராட்சம்' தலையோடு உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் 'ரு மயில்' ஒரு மயிலாக இருக்கவே முடியாது.

கட்டு 41-ஐப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டிப் பெரியப்பா மடியில் வைத்தோம். அவர் கண்ணை இடுக்கவே இல்லை. விரலால் ஓட்டைகளைத் தடவிக்கொண்டே போனார். பத்துப் பதினைந்து அட்டை தாண்டியதும் நின்றார்.

'ரெண்டு மயில்டா. மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டு நிக்கும். அந்த அம்மாவுக்குப் போனைப் போடு.'