ஊரைக் காக்க ஊரில் ஆள் வேண்டும்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வால் கடலோரச் சிற்றூர்களில், குளிர்காலம் வந்தால் வரிசை வரிசையாக வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் பல, வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கு வந்துபோக வாங்கிப் போட்ட இரண்டாவது வீடுகள். மற்றவை சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்படுபவை. அங்கேயே பிறந்து அங்கேயே வேலை செய்யும் இளைஞர்களுக்கோ குடியிருக்க வீடில்லை. இதை வீட்டு விலைச் சிக்கல் என்று மட்டும் பார்ப்பது போதாது. இது ஊரின் பாதுகாப்பைப் பற்றியது.

அந்நாட்டின் கிராமப்புறத் தீயணைப்பு நிலையங்கள் பலவற்றில் முழுநேர ஊழியர்கள் கிடையாது. வேறு தொழில் செய்துகொண்டே, பேஜர் ஒலித்ததும் சில நிமிடங்களில் ஓடிவரும் உள்ளூர்க்காரர்களை நம்பியே அவை இயங்குகின்றன. கடல் மீட்புப் படகுகளை இயக்குவோரில் பெரும்பாலோரும் தன்னார்வலர்களே. 1981 டிசம்பர் 19 இரவு, சூறாவளியில் தத்தளித்த யூனியன் ஸ்டார் கப்பலுக்கு உதவப் புறப்பட்ட கார்ன்வாலின் மவுசல் என்ற மீனவ ஊரின் மீட்புப் படகில் சென்ற எட்டுப் பேரும் திரும்பவில்லை. ஒரு நாளுக்குள் புதிய குழு அமைக்கப் போதுமான பேர் அதே ஊரிலிருந்து முன்வந்தார்கள். ஆண்டில் சில வாரங்கள் தலைகாட்டும் வீட்டுக்காரரை நம்பி இப்படியொரு குழுவை அமைக்க முடியுமா?

அரசு வேடிக்கை பார்த்தது என்று சொல்ல முடியாது. ஆனால் எடுத்த நடவடிக்கைகள் எல்லாம் பாதி வழியிலேயே நிற்கின்றன. கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் நகர மக்கள் 2016-இல் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரக் குடியிருப்புக்கே என்று விதி செய்தார்கள். பழைய வீடுகளை அந்த விதி தொடவில்லை. 2025 ஏப்ரல் முதல் கார்ன்வாலில் இரண்டாவது வீட்டுக்கு உள்ளாட்சி வரி இரட்டிப்பானது. ஆனால் ஆண்டுக்கு 70 நாள் சுற்றுலா வாடகைக்கு விட்டதாகக் கணக்குக் காட்டினால் வீடு வணிகச் சொத்தாகிவிடும். சிறு வணிகச் சலுகையில் வரியே கட்டாமலும் போகலாம். 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், காரணம் சொல்லாமல் வெளியேற்றும் முறைக்கு முடிவு கட்டுகிறது. ஆனால் 'வீட்டை விற்கப் போகிறேன்' என்பது இன்றும் செல்லுபடியாகும் காரணமே. விற்ற வீடு விடுமுறை வீடாக மாறுவதைத் தடுக்க அதில் வழியில்லை.

வழி பக்கத்திலேயே இருக்கிறது. வேல்ஸ் 2022-இல் நிரந்தர வீடு, இரண்டாவது வீடு, சுற்றுலா வாடகை வீடு ஆகியவற்றைத் திட்டமிடல் சட்டத்தில் தனித்தனி வகைகளாகப் பிரித்தது. அதன் அடிப்படையில் அங்குள்ள குவினெத் கவுன்சில், 2024 செப்டம்பரில், குடியிருப்பு வீட்டை மற்ற இரண்டாக மாற்ற முன்அனுமதியைக் கட்டாயமாக்கியது.

சுற்றுலா படுத்துவிடும் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். விடுதியில் சமைப்பவரும் அறை துடைப்பவரும் தங்க இடமின்றி ஊரைவிட்டுப் போனாலும் சுற்றுலா படுக்கத்தான் செய்யும். சொத்துரிமை பறிபோகிறது என்பதும் பொருந்தாது. இப்போதிருக்கும் விடுமுறை வீடுகளை யாரும் பறிக்கப் போவதில்லை, இனி நடக்கும் மாற்றத்துக்குத்தான் அனுமதி கேட்கப்படுகிறது.

1980-இன் வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் விற்ற அரசு வாடகை வீடுகளுக்கு ஈடாகப் புதியவை கட்டப்படாததும் இந்த நெருக்கடிக்கு ஒரு காரணம். எனவே கிராமங்களில் மீண்டும் அவற்றைக் கட்ட வேண்டும். ஆனால் கட்டி முடிக்க ஆண்டுகள் ஆகும். இருக்கும் வீடுகளைக் காக்கும் அதிகாரத்தை உள்ளூர்க் கவுன்சில்களுக்கு வழங்க ஒரு சட்டத் திருத்தம் போதும். வேல்ஸ் செய்ததை இங்கிலாந்தும் தாமதமின்றிச் செய்ய வேண்டும்.